பணிப்பதிவேட்டில் தொடங்கும் ஓய்வூதியம்: தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுபவர்களில் பலர், தமக்கு வரவேண்டிய பணத்தைக் கருவூலம் இழுத்தடிப்பதாகவோ ஓய்வூதியத்தைச் சரிபார்த்து அனுமதிக்கும், சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகம் கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டதாகவோ எண்ணுகிறார்கள். ஓய்வூதியக் கருத்துருக்களை, அதாவது ஓய்வூதியம் வழங்கக் கோரி அலுவலகம் அனுப்பும் முன்மொழிவுகளைத் தயாரிக்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. தாமதத்தின் வேர் பெரும்பாலும் அவர் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகத்தின் அலமாரியில், அவருடைய பணிப்பதிவேட்டில், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதாமல் விடப்பட்ட ஏதோ ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் விண்ணப்பப் படிவங்களைக் காட்டிலும் பணிப்பதிவேட்டுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே சொல்லப்படுபவை 1.4.2003-க்கு முன் தமிழ்நாடு அரசின் முறையான பணியில் சேர்ந்து, 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்டவர்களுக்கானவை. அந்த நாளிலோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுடைய பிடித்தமும் கணக்கும் இறுதித் தொகையும் வேறு வழியில் செல்வன. பணிப்பதிவேட்டையும் விடுப்புக் கணக்கையும் வாரிசு நியமனத்தையும் பற்றிக் கூறப்படுபவை மட்டும் அவர்களுக்கும் பயன்படும்.

ஓய்வு பெறும் வயது 58 ஆக இருந்தது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்த வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஊழியர் ஓய்வு பெறுகிறார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவார். ஜூன் 1இல் பிறந்த ஒருவர் ஜூன் 30 வரை பணியிலிருக்கலாம் என்று நம்பி மகளின் திருமணச் செலவைத் திட்டமிட்டு, மே மாதத்தில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியர்களுக்கு அந்தக் கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனம் வழங்கும் நடைமுறை உண்டு. ஆயினும் ஓய்வூதியக் கணக்கில் அவர்கள் ஓய்வு வயதை எட்டிய மாதமே ஓய்வு பெற்ற மாதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது

'ஓய்வூதியப் பலன்கள்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, உண்மையில் அவை தனித்தனி விண்ணப்பங்களால், தனித்தனி ஆணைகளால், தனித்தனி நாட்களில் வந்து சேரும் தொகைகள். இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ளாதவர்கள் ஒரு தொகை வந்தவுடன் மற்றவையும் தாமாக வந்துவிடும் என்று காத்திருந்து காலத்தை இழக்கிறார்கள்.

மாதாந்திர ஓய்வூதியம், ஓய்வின்போது ஒரே முறை மொத்தமாகத் தரப்படும் பணிக்கொடை, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் கம்யூடேஷன் தொகை ஆகிய மூன்றும் ஒரே கருத்துருவின் வழியாக மாநிலக் கணக்காயருக்குச் சென்று, அங்கே சரிபார்க்கப்பட்டு, தொகையை வழங்கச் சொல்லும் மூன்று கொடுப்பாணைகளாக வெளிவருகின்றன. பொது வருங்கால வைப்பு நிதியின் இறுதித் தொகையும் அதே கணக்காயர் அலுவலகத்திலிருந்துதான் வருகிறது என்றாலும், அது வேறொரு பிரிவு. அதற்கு வேறொரு விண்ணப்பம். எடுக்காமல் சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பைப் பணமாக்கும் தொகையும், சம்பளத்தில் சிறு தொகையாகப் பிடிக்கப்பட்ட 1984, 2000 ஆண்டுகளின் சிறப்புச் சேமநல நிதித் திட்டத் தொகையும் கணக்காயரிடம் செல்வதே இல்லை. அவற்றை உங்கள் அலுவலகமே அனுமதித்து, கருவூலத்தில் பட்டியலிட்டுப் பெற்றுத் தர வேண்டும். மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் ஊழியர்களுக்குக் கணக்காயரின் இடத்தில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை நிற்கிறது.

பணிப்பதிவேட்டைப் படிப்பது

ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். ஆண்டுக்கொரு முறை அதைப் பார்த்துக் கையொப்பமிட ஊழியருக்கு உரிமை உண்டு. நம்மில் பெரும்பாலோர் எழுத்தர் நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டுவிட்டு மூடிவிடுவதுதான் வழக்கம். இப்போது பணிப்பதிவேடுகள் மின்மயமாக்கப்பட்டு, ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் கீழ்க் களஞ்சியம் என்ற பெயரில் கணினியிலும் கைப்பேசியிலும் பார்க்கும் நிலை வந்திருக்கிறது. அதில் உள்ள விவரம் பழைய தாள் பதிவேட்டிலிருந்து யாரோ ஒருவர் தட்டச்சு செய்ததுதான். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் கணினியில் இருப்பது சரியென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது பெயர். நம் ஊரில் தலைப்பெழுத்து படுத்தும் பாடு சொல்லி மாளாது. பணிப்பதிவேட்டில் 'க. முருகேசன்' என்றிருக்கும், ஆதாரில் தந்தையின் பெயர் முழுவதுமாகப் பின்னால் சேர்ந்திருக்கும், நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் அதுவே முன்னால் வந்திருக்கும், வங்கிக் கணக்கில் மனைவி பெயரின் தலைப்பெழுத்து மாறியிருக்கும். பணியிலிருக்கும்போது யாரும் கேட்காத இந்த வேறுபாடு, ஓய்வூதியம் வரவு வைக்கப்படும் நாளிலும், அதைவிட முக்கியமாகப் பிற்காலத்தில் குடும்ப ஓய்வூதியம் கோரும் நாளிலும் சுவராக எழுந்து நிற்கும். உங்கள் பெயரையும் மனைவி அல்லது கணவரின் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றையும் எல்லா ஆவணங்களிலும் ஒரே வடிவில் இருக்கும்படி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் பிறந்த தேதியைப் பணியின் இறுதிக் காலத்தில் மாற்றக் கோருவதில் பயனில்லை. அதற்கான காலம் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளோடு முடிந்துவிட்டது.

அடுத்தது பணிச் சரிபார்ப்புப் பதிவு. ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வோர் இடமாறுதலின் போதும், 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சம்பளப் பட்டியல்களின்படி பணி சரிபார்க்கப்பட்டது' என்ற வரியும் அலுவலரின் கையொப்பமும் இருக்க வேண்டும். ஐந்து மாவட்டங்களில் மாறி மாறிப் பணியாற்றிய ஒருவருக்கு இடையில் ஏழெட்டு மாதங்கள் விடுபட்டிருப்பது இயல்பு. விடுபட்ட காலத்துக்குரிய அலுவலகத்துக்கு உங்கள் அலுவலகத் தலைவர் வழியாகக் கடிதம் எழுதி, சான்று பெற்று ஒட்ட வேண்டும். அந்த அலுவலகம் வேறொரு மாவட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கலாம், பழைய சம்பளப் பட்டியல்கள் அழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது பணப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஊதிய உயர்வு ஆணை என்று கிடைத்த சான்றை வைத்தே நிறுவ வேண்டியிருக்கும். இரண்டு ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

விடுப்புப் பதிவுகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த ஊதியமில்லா விடுப்பு பொதுவாகத் தகுதிப் பணிக்காலத்தில், அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் பணிக்காலத்தில், சேராது. ஆகவே மருத்துவச் சான்றின் பேரில் எடுத்த ஊதியமில்லா விடுப்பு அவ்வாறே பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பதிவேடுகளில் வெறுமனே 'ஊதியமில்லா விடுப்பு' என்று எழுதி நிறுத்தியிருப்பார்கள். பின்னே சொல்லப்படும் ஓய்வூதியக் கணக்கில் ஊழியர் அதனால் ஓர் அரையாண்டுப் பணியை இழக்க நேரலாம். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த காலமும், வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட நாட்களும் எவ்வாறு முறைப்படுத்தப்பட்டன என்பதற்கு ஆணையின் எண்ணும் நாளும் பதிவில் இருக்க வேண்டும். தம் துறையிலிருந்து அனுப்பப்பட்டுப் பிற துறைகளிலோ வாரியங்களிலோ அயற்பணியில் இருந்தவர்கள், அந்தக் காலத்துக்குரிய ஓய்வூதியப் பங்களிப்பு செலுத்தப்பட்டதற்கான செலுத்துச்சீட்டு விவரத்தைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். முறையான பணிக்கு முன் சில்லறைச் செலவினத்திலிருந்து ஊதியம் பெற்றுப் பணியாற்றி, 1.4.2003-க்கு முன் முறைப்படுத்தப்பட்டவர்களுக்கு, விதிகளின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்த முன்பணியில் பாதி தகுதிப் பணிக்காலத்தோடு சேரும். இதைத் தாமாகக் கேட்காதவர்களுக்கு எவரும் தேடிப்போய்ச் சேர்த்துத் தருவதில்லை.

ஊதிய நிர்ணயம்தான் பணிப்பதிவேட்டின் மிகச் சிக்கலான பகுதி. 1996, 2006, 2016 என மூன்று ஊதியத் திருத்தங்கள், ஒரே பதவியில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கான தேர்வுநிலை, சிறப்புநிலை, பதவி உயர்வு, விருப்பத் தெரிவு எனப் பல படிகளைக் கடந்து இன்றைய அடிப்படை ஊதியம் வந்திருக்கிறது. அவற்றில் ஏதோ ஒரு படியில் ஓர் ஊதிய உயர்வு கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தால், கணக்காயர் அலுவலகத்தின் தணிக்கையில் அது வெளிப்பட்டு, கருத்துரு திரும்பி வரும். ஊதியம் மறுநிர்ணயம் செய்யப்பட்டு, கூடுதலாகப் பெற்ற தொகையைப் பணிக்கொடையில் பிடித்தம் செய்ய முற்படுவார்கள். இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பஞ்சாப் மாநில அரசு எதிர் ரஃபீக் மசீ வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஊழியரின் தவறு ஏதுமின்றி அலுவலகத்தின் பிழையால் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட ஊதியத்தை, 'சி', 'டி' பிரிவு ஊழியர்களிடமிருந்தோ, ஓய்வு பெற்றவர்களிடமிருந்தோ, ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர்களிடமிருந்தோ திரும்பப் பிடிப்பது ஏற்கத்தக்கதன்று. ஊதியத்தைச் சரியான நிலைக்குக் குறைப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை என்பதால், பிழையை ஓய்வுக்கு முன்பே கண்டு திருத்திக்கொள்வதே நல்லது. பிடித்தத்துக்கான ஆணை வந்தால், தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாக மறுப்புத் தெரிவிக்கலாம்.

ஊதிய உயர்வு நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாநிலத்தில் ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில் வருகிறது. மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 ஆகிய நாட்களில் ஓய்வு பெற்று, மறுநாள் ஊதிய உயர்வு பெற வேண்டியவராக இருந்தால், ஓராண்டுப் பணியை முடித்துவிட்டும் ஒரு நாளால் அதை இழக்கும் நிலை முன்பு இருந்தது. 2014 டிசம்பர் 31 நாளிட்ட நிதித்துறை அரசாணை 311, அந்த ஊதிய உயர்வை ஓய்வூதியப் பலன்களுக்காக மட்டும் கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும், வழங்க வழி செய்தது. கருத்துருவில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்பது

குறைந்தது 10 ஆண்டுகள் தகுதிப் பணிக்காலம் இருந்தால்தான் மாதாந்திர ஓய்வூதியம் கிடைக்கும். 30 ஆண்டுகள் இருந்தால் முழு ஓய்வூதியம். முழு ஓய்வூதியம் என்பது கடைசி ஊதியத்தில் அல்லது கடைசிப் பத்து மாத ஊதியத்தின் சராசரியில், எது ஊழியருக்குச் சாதகமோ அதில் பாதி. பணிக்காலத்தை அரையாண்டுகளாக எண்ணுவார்கள். எஞ்சிய மாதங்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் ஓர் அரையாண்டாகும். மூன்று மாதத்துக்கு இரண்டு நாட்கள் குறைந்து அரையாண்டை இழந்தவர்களின் பதிவேட்டில்தான், முன்னே சொன்ன ஊதியமில்லா விடுப்பின் வகை எவ்வளவு முக்கியம் என்பது தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. கடைசி அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய், தகுதிப் பணிக்காலம் 28 ஆண்டுகள் 4 மாதங்கள் என்று கொள்வோம். அரையாண்டுகள் 57. முழு ஓய்வூதியத்துக்கு வேண்டியவை 60. ஆகவே 60,000இல் பாதியான 30,000-ஐ 57ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் ஓய்வூதியம் 28,500 ரூபாய். இதன் மேல் அவ்வப்போது அறிவிக்கப்படும் அகவிலைப்படி சேரும். முன்னே சொன்ன 2016 ஊதியத் திருத்தத்துக்கு 2017இல் ஆணை வந்தபோது குறைந்தபட்ச ஓய்வூதியம் 7,850 ரூபாய் என்றும் அதிகபட்சம் 1,12,500 ரூபாய் என்றும் வரையறுக்கப்பட்டன.

பணிக்கொடைக்கு அடிப்படை ஊதியத்தோடு ஓய்வு நாளில் இருந்த அகவிலைப்படியும் சேரும். ஒவ்வோர் அரையாண்டுக்கும் அந்தக் கூட்டுத் தொகையில் கால் பங்கு. மொத்தத்தில் அது பதினாறரை மாதத் தொகையைத் தாண்டக் கூடாது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அகவிலைப்படியை 50 விழுக்காடாக வைத்துக்கொண்டால், நம் எடுத்துக்காட்டில் கூட்டுத் தொகை 90,000; அதில் கால் பங்கான 22,500-ஐ 57ஆல் பெருக்கினால் 12,82,500 ரூபாய். 2017 திருத்தம் பணிக்கொடையின் உச்சவரம்பை 20 லட்சமாக்கியது.

கம்யூடேஷன் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து, அதற்கீடாக, வயதுக்கேற்ற காரணி அட்டவணைப்படி ஒரு மொத்தத் தொகையைப் பெறலாம். நம் எடுத்துக்காட்டில் 9,500 ரூபாயை விட்டுக்கொடுத்தால் மாத ஓய்வூதியம் 19,000 ஆகக் குறையும். ஆனால் அகவிலைப்படி குறைக்கப்படாத 28,500-க்கே கணக்கிடப்படும். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சேர்ந்துவிடும். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை, தாமதித்தால் தேவைப்படும். வீட்டுக் கடனோ பிள்ளைகளின் கல்விக் கடனோ அதிக வட்டியில் நிற்கும் குடும்பத்துக்கு இது நல்ல வழி. கடன் ஏதுமில்லாமல், மொத்தத் தொகையைக் கண்டதும் உறவினர் கைமாற்றுக் கேட்டு வரும் வீடுகளில், முழு ஓய்வூதியத்தை அப்படியே வைத்துக்கொள்வதும் அறிவுடைமைதான். கம்யூடேஷன் வாங்காவிட்டால் ஏதோ நட்டம் என்பது போல அலுவலக நண்பர்கள் பேசுவதைக் கேட்டு மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பெற்ற பின் ஊழியர் இறந்துவிட்டால் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து அந்தப் பகுதி பிடிக்கப்படுவதில்லை என்பதையும் முடிவெடுக்கும் முன் கருதலாம்.

குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. நம் எடுத்துக்காட்டில் 18,000 ரூபாய். தொடக்கக் காலத்தில் சில ஆண்டுகளுக்கு உயர்ந்த விகிதமும் விதிகளில் உண்டு. கொடுப்பாணையிலேயே இரண்டு தொகைகளும் எழுதப்பட்டு வரும்.

கருத்துரு தயாராகும் காலம்

ஓய்வு பெறவிருப்பவர்களின் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் அலுவலகங்கள் தயாரிக்க வேண்டும். உங்கள் பெயர் அதில் வந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஓய்வுக்கு ஆறு மாதங்கள் முன்பாவது கருத்துரு கணக்காயர் அலுவலகத்தைச் சென்றடைந்திருக்க வேண்டும். நீங்கள் தர வேண்டியவை: மனைவி அல்லது கணவருடன் சேர்ந்து எடுத்த ஒளிப்படம், மாதிரிக் கையொப்பம், அங்க அடையாளங்கள், குடும்ப உறுப்பினர் பட்டியல், ஓய்வுக்குப் பின் வசிக்கும் முகவரி, ஓய்வூதியம் பெற விரும்பும் கருவூலம், வங்கிக் கணக்கு விவரம், கம்யூடேஷன் விருப்பம். ஓய்வுக்குப் பின் சொந்த ஊருக்குப் போவதாக இருந்தால் அந்த ஊருக்குரிய கருவூலத்தையே முதலில் எழுதிவிடுவது நல்லது. பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், கோப்பு ஒரு கருவூலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும் வரை அலைச்சல் உங்களுடையது.

குடும்ப உறுப்பினர் பட்டியலை மனைவி, மகன் என்று இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். மாற்றுத்திறன் கொண்ட மகனோ மகளோ இருந்தால் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை விதிகளின்படி உண்டு. திருமணமாகாத, கணவரை இழந்த, மணவிலக்குப் பெற்ற மகள்களுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு உரிமை உண்டு. அவர்களின் பெயரும் பிறந்த தேதியும் மருத்துவ வாரியச் சான்றும் பெற்றோர் பணியிலிருக்கும்போதே பதிவில் ஏறிவிட்டால், பெற்றோர் இருவரும் இல்லாத ஒரு காலத்தில் அந்தப் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. இந்த வழிகாட்டியிலுள்ள மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்பேன்.

வாரிசு நியமனங்களையும் எடுத்துப் பாருங்கள். திருமணத்துக்கு முன் தாயின் பெயரில் எழுதிக்கொடுத்த நியமனம், குடும்பம் அமைந்தவுடன் செல்லாததாகிவிடுகிறது. ஆனாலும் அதுவே முப்பது ஆண்டுகளாகப் பதிவேட்டில் ஒட்டப்பட்டிருக்கும். வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் நியமனங்கள் தனித்தனி.

இன்னொரு பக்கம், அலுவலகம் நிலுவையின்மைச் சான்று தர வேண்டும். வீடு கட்டும் முன்பணம், வாகன முன்பணம், அரசுக் குடியிருப்பு வாடகை, கூட்டுறவுச் சங்கக் கடன், தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களான தணிக்கைத் தடைகள் ஆகியவை தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். பண்டசாலையோ பணப் பதிவேடோ உங்கள் பொறுப்பில் எப்போதாவது இருந்திருந்தால், பழைய தணிக்கை அறிக்கைகளில் உங்கள் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முந்தைய அலுவலகங்களிலும் கேட்க வேண்டும். பத்து ஆண்டுகள் பழைய தணிக்கைத் தடை ஒன்று, ஓய்வுக்கு முந்தைய வாரத்தில்தான் எவருடைய நினைவுக்கும் வரும்.

ஒழுங்கு நடவடிக்கையோ குற்ற வழக்கோ நிலுவையில் இருந்தால் நிலைமை வேறு. முடிவு வரும் வரை தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வழங்கப்படும். பணிக்கொடையும் கம்யூடேஷனும் நிறுத்தி வைக்கப்படும். இத்தகையோர் பொது வழிகாட்டிகளை நம்பாமல் தம் வழக்கின் ஆவணங்களோடு சட்ட ஆலோசனை பெறுவதே முறை.

வருங்கால வைப்பு நிதி

பொது வருங்கால வைப்பு நிதிச் சந்தா ஓய்வுக்கு நான்கு மாதங்கள் முன்பே நிறுத்தப்படும். அதன் பின் முன்பணமோ பகுதி இறுதித் தொகையோ எடுக்காமல், இறுதித் தொகைக்கான விண்ணப்பத்தை அலுவலகத் தலைவர் வழியாகக் கணக்காயருக்கு அனுப்ப வேண்டும். இதில் எழும் சிக்கல் ஏறத்தாழ எப்போதும் ஒன்றே: விடுபட்ட வரவு. சம்பளத்தில் பிடித்தார்கள், ஆனால் கணக்காயரின் ஏட்டில் ஏறவில்லை. ஆண்டுதோறும் வெளியாகும் கணக்குச் சீட்டை எடுத்து, பன்னிரண்டு மாதங்களின் வரவும் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். விடுபட்ட மாதம் இருந்தால், அந்த மாதச் சம்பளப் பட்டியலின் தொகை, கருவூலப் பணச்சீட்டு எண், பணமாக்கிய நாள் ஆகியவற்றைச் சான்றளித்து அனுப்பினால்தான் அந்த வரவு சேரும். 'பிடித்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதி அனுப்பும் கடிதத்துக்கு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும் கடிதம்தான் பதிலாக வரும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, வேறொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டதும் உண்டு.

கணக்காயரின் அனுமதி வந்தவுடன் தொகையைப் பெறுவதற்கான பட்டியலை உங்கள் அலுவலகம்தான் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். அனுமதிக் கடிதம் வந்து தபால் பதிவேட்டிலேயே உறங்கிக்கொண்டிருக்க, ஊழியர் சென்னைக்கு மனு எழுதிக்கொண்டிருந்த கதைகள் ஏராளம்.

விடுப்புக் கணக்கில், இருப்பிலுள்ள ஈட்டிய விடுப்பில் 240 நாட்கள் வரை பணமாக்கலாம். சொந்த அலுவலின் பேரிலான ஈட்டா விடுப்புக்கும் ஒரு வரம்பு வரை தொகை உண்டு. மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்புக்கு இல்லை. இதற்கு வெளி அலுவலகம் எதன் ஒப்புதலும் தேவையில்லை என்பதால், விடுப்புக் கணக்கு சரியாக எழுதப்பட்டிருந்தால் ஓய்வு பெறும் நாளிலேயே ஆணை பிறப்பிக்க முடியும். அப்படிச் செய்யும் அலுவலகங்களும் இருக்கின்றன.

கருவூலத்தில் முதல் நாள்

கொடுப்பாணைகள் வெளியானவுடன் ஒரு படி உங்களுக்கும், ஒன்று கருவூலத்துக்கும் வரும். மாவட்டங்களில் மாவட்டக் கருவூலமோ சார்நிலைக் கருவூலமோ, சென்னையில் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகமோ ஓய்வூதியத்தை வழங்கும். கொடுப்பாணையைக் கையில் வாங்கியதும் பெயர், பிறந்த தேதி, மனைவி அல்லது கணவரின் பெயர், குடும்ப ஓய்வூதியத் தொகை, கம்யூடேஷன் கழிவு ஆகியவற்றைப் படித்துப் பார்க்காமல் பையில் வைக்காதீர்கள். அதில் பிழை இருந்தால் கருவூலம் திருத்த முடியாது. அலுவலகம் வழியாகக் கணக்காயருக்கே திரும்பப் போக வேண்டும்.

கருவூலத்துக்குச் செல்லும்போது கொடுப்பாணை, ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், ஒளிப்படங்கள் ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். உங்கள் அலுவலகம் இறுதி ஊதியச் சான்றைத் தனியே அனுப்பியிருக்க வேண்டும். அது வராமல் முதல் ஓய்வூதியம் தொடங்காது. அது அனுப்பப்பட்ட நாளையும் எண்ணையும் குறித்து வாங்கிக்கொண்டு போவது ஒரு நடையை மிச்சப்படுத்தும். கணவன் மனைவி இணைந்த வங்கிக் கணக்கில் ஓய்வூதியத்தைப் பெறலாம். ஓய்வூதியருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப விவரத்தைச் சேர்க்கும் படிவத்தையும், குடும்பப் பாதுகாப்பு நிதிக்கான நியமனப் படிவத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். இவ்விரண்டுக்கும் ஓய்வூதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் உண்டு. ஓய்வூதியர் இறக்கும்போது பாதுகாப்பு நிதியிலிருந்து 50,000 ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும். நியமனம் இல்லாத காரணத்தால் இந்தத் தொகைக்கு வாரிசுச் சான்று தேடி அலைபவர்கள் ஒவ்வொரு கருவூலத்திலும் இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பின்

ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய ஆண்டுக்கொரு முறை நேர்காணல் உண்டு. முன்பு எல்லாருக்கும் ஒரே காலத்தில் நடந்து, கருவூல வாசலில் முதியவர்கள் வெயிலில் நிற்கும் நிலை இருந்தது. இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் செய்தால் போதும். நேரில் போக முடியாதவர்கள் ஆதார் கைரேகை வழியாக மின்னணு வாழ்நாள் சான்றிதழ் அளிக்கலாம். அஞ்சலகத்தின் வங்கிச் சேவையில் அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய் கட்டணத்தில் இதைச் செய்து தருகிறார். நேர்காணல் தவறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். பின்னர் செய்தால் நிலுவையோடு திரும்ப வரும்.

வருமான வரியைப் பொறுத்தவரை, மாத ஓய்வூதியம் சம்பளத்தைப் போல வரிக்கு உட்பட்டது. அரசு ஊழியர் பெறும் பணிக்கொடை, கம்யூடேஷன் தொகை, ஓய்வின்போது பெறும் விடுப்புத் தொகை ஆகியவற்றுக்கு வரி இல்லை. 80 வயதை எட்டியவர்களுக்கு ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகவும், அது 85இல் 30, 90இல் 40, 95இல் 50 விழுக்காடாகவும், 100 வயதில் ஒரு மடங்காகவும் உயரும். வயதுக்கான ஆதாரம் பதிவில் இருந்தால் இது தானாகவே சேர வேண்டும். சேராவிட்டால் கருவூலத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் அவ்வப்போது நடைபெறும் ஓய்வூதியர் குறைதீர்க்கும் கூட்டத்தில் துறைகளின் அலுவலர்களும் கருவூல அலுவலரும் ஒரே இடத்தில் இருப்பதால், இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டும் வகையான புகார்களுக்கு அது ஏற்ற இடம்.

கடைசியாக, ஓய்வூதியர் இறந்தால் மனைவியோ கணவரோ செய்ய வேண்டியது. பெயர் கொடுப்பாணையிலேயே இருப்பதால் புதிய கருத்துரு தேவையில்லை. இறப்புச் சான்றிதழ், கொடுப்பாணை, தம் ஆதார், தம் பெயரிலான வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு கருவூலத்தில் விண்ணப்பித்தால் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். இறப்பைத் தெரிவிக்கத் தாமதித்து, இடையில் வரவான முழு ஓய்வூதியத்தை எடுத்துச் செலவழித்துவிட்டால் அது பின்னர் பிடித்தம் செய்யப்படும். ஆகவே கொடுப்பாணையின் நகலையும், கருவூலத்தின் பெயரையும், பாதுகாப்பு நிதி நியமனத்தின் நகலையும் ஒரே உறையிலிட்டு, வீட்டில் அது எங்கே இருக்கிறது என்பதைத் துணைவரிடமும் பிள்ளைகளில் ஒருவரிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.